குளிர்பெட்டியில் கிடா விந்து

மாட்டுக்குச் சினை ஊசி, ஆட்டுக்கு ஏன் இல்லை?

பசு பருவத்துக்கு வந்தால் கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லி அனுப்புவது தமிழ்நாட்டுக் கிராமங்களில் இன்று வழக்கமான காரியம். திரவ நைட்ரஜன் கேனிலிருந்து ஓர் உறைவிந்துக் குச்சி வெளியே வரும். வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் கிடக்கும். சில நிமிடங்களில் வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பட்டியில் ஐம்பது செம்மறி வைத்திருப்பவருக்கு இந்த வசதி அநேகமாகக் கிடைப்பதில்லை. நல்ல இனம் வேண்டுமானால் நல்ல கிடாவை விலைகொடுத்து வாங்கி மந்தையில் விட வேண்டும். ஒரே மருந்தகம், ஒரே கேன். மாட்டுக்கு நடப்பது ஆட்டுக்கு ஏன் நடப்பதில்லை?

கிடாவின் விந்தை உறைய வைக்க முடியாது என்பது காரணமல்ல. காளை விந்தைப் போலவே அதையும் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கலாம். சிக்கல் பெட்டையாட்டின் உடலமைப்பில் இருக்கிறது. பசுவின் மலக்குடலில் கையை நுழைத்துக் கருப்பை வாயைப் பிடித்துக்கொண்டே குழாயை உள்ளே செலுத்திவிடலாம். ஆட்டில் கை நுழையாது. அதன் கருப்பை வாய் விரல் நீளக் குழாய். உள்ளே குருத்தெலும்பு போன்ற உறுதியான வளையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கின்றன. அவற்றின் துளைகள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருப்பதில்லை. குழாய் முதல் வளையத்திலோ இரண்டாவதிலோ முட்டி நின்றுவிடும். ஆகவே விந்தை வாசலில் விட்டுவிட்டு, மிச்சத் தூரத்தை விந்தணுக்களே நீந்திக் கடக்கட்டும் என்று காத்திருக்க வேண்டியிருக்கிறது.

உறைந்து உருகிய விந்தணுவுக்கு அந்தத் தெம்பு பெரும்பாலும் இருப்பதில்லை. வயிற்றில் சிறு துளையிட்டு, நோக்குகுழாய் வழியே பார்த்துக் கருப்பைக்குள்ளேயே விந்தைச் செலுத்தும் அறுவை முறை ஒன்று 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் உருவானது. நன்றாகவே பலிக்கிறது, ஆனால் கருவியும் தேர்ந்த கையும் செலவும் வேண்டும். நார்வே நாட்டுச் செம்மறிகள் ஒரு விதிவிலக்கு. அங்கே உறைவிந்தைப் பிறப்புறுப்பின் வாசலில் விட்டாலே போதுமான அளவுக்குச் சினை பிடிக்கிறது. மற்ற நாடுகளின் இனங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ஆகவே நடுவழி ஒன்று தேவைப்பட்டது. விந்தை உறைய வைக்காமல், குளிர மட்டும் வைத்து, ஓரிரு நாளுக்குள் பயன்படுத்துவதே அந்த வழி. இதைக் குளிர்விந்து என்று அழைக்கலாம். இது புதிய யோசனையும் அல்ல. 1936இல் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஆர்தர் வால்டன் கிடா விந்தைக் குளிர்வித்து விமானத்தில் போலந்துக்கு அனுப்பினார். இரண்டு நாள் கழித்து அங்கே பெட்டைகளுக்குச் செலுத்தப்பட்ட அந்த விந்தால் குட்டிகள் பிறந்தன.

அதற்குப் பிறகு ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கடந்தும் அந்த இரண்டு நாள் வரம்பு பெரிதாக நீளவில்லை என்பதுதான் இத்துறையின் வியப்பு.

குளிர் ஏன் கொல்கிறது

உணவு கெடாமல் இருக்கக் குளிர்பெட்டி உதவுகிறது. விந்தணுவுக்கும் அந்த நன்மை உண்டு. வெப்பம் இறங்க இறங்க அது சர்க்கரையை எரிப்பது மந்தமாகிறது, வால் அசைவு நிற்கிறது, ஆற்றல் மிச்சமாகிறது. 5 டிகிரியில் ஒரு துளியை நுண்ணோக்கியில் பார்த்தால் எதுவும் அசையாது. உடல் வெப்பத்துக்குச் சூடாக்கினால்தான் எது உயிரோடிருக்கிறது என்பது தெரியும்.

ஆனால் கறந்த பாலைக் குளிரூட்டுவதுபோல் விந்தைச் சட்டென்று குளிரூட்டினால், மறுபடி சூடாக்கும்போது பெரும்பாலானவை எழுவதில்லை. எழுந்த சிலவும் வட்டமடிக்கின்றன. சோவியத் ஆய்வாளர் மிலோவனோவ் 1930களிலேயே இதைக் கவனித்தார். இதற்குக் குளிர் அதிர்ச்சி என்று பெயர். இது உறைதலால் வருவதல்ல. நீர் பனிக்கட்டியாக மாறும் வெப்பநிலைக்கு வெகு மேலேயே, சுமார் 20 டிகிரிக்கும் 5 டிகிரிக்கும் இடையில், கேடு நடந்து முடிந்துவிடுகிறது.

கேடு நிகழும் இடம் விந்தணுவைச் சுற்றியுள்ள மெல்லிய உறை, அதாவது சவ்வு. அது பெரும்பாலும் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. வெவ்வேறு கொழுப்பு வெவ்வேறு வெப்பநிலையில் இறுகும். தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் கலந்த புட்டி மார்கழி விடியலில் ஒரு பக்கம் வெண்மையாக உறைந்தும் மறுபக்கம் இளகியும் நிற்பதைப்போல, குளிரும் சவ்விலும் இறுகும் கொழுப்புகள் ஒருபுறமும் இளகியே இருப்பவை மறுபுறமும் ஒதுங்குகின்றன. இரண்டும் சந்திக்கும் ஓரங்களில் சவ்வு கசிகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியேறுகிறது. வெளியே இருக்க வேண்டிய கால்சியம் புகுந்துவிடுகிறது. மெதுவாகக் குளிர்வித்தால் மூலக்கூறுகள் ஓரளவு ஒழுங்காக இடம்மாற நேரம் கிடைக்கிறது. சேதம் குறைகிறது, ஆனால் முற்றிலும் இல்லாமல் போவதில்லை.

எல்லா உயிரினத்தின் விந்தணுவும் இப்படி நொய்ந்துபோவதில்லை. மனிதனுடையதும் முயலுடையதும் திடீர்க் குளிரை ஓரளவு தாங்கும். கிடா, காளை, பன்றி ஆகியவற்றின் விந்தணு தாங்காது. 1977இல் டேரின்-பென்னெட், ஒயிட் ஆகிய இருவரும் சவ்வுகளை ஒப்பிட்டு இதற்கு ஒரு விளக்கம் தந்தார்கள். சவ்வின் அடிப்படைக் கொழுப்பான பாஸ்போலிப்பிட் மூலக்கூறு நூற்றுக்கு எத்தனை கொலஸ்ட்ரால் மூலக்கூறு இருக்கிறது என்பதே அவர்கள் போட்ட கணக்கு. மனித விந்தணுவில் ஏறக்குறைய நூறு; முயலில் தொண்ணூறை ஒட்டி; காளையில் நாற்பத்தைந்து; கிடாவில் நாற்பதுக்கும் கீழே. இதயத்துக்குக் கேடு என்று பெயரெடுத்த கொலஸ்ட்ரால் இங்கே சவ்வின் கொழுப்புகள் பிரிந்து ஒதுங்காமல் கோத்துப் பிடிக்கும் வேலையைச் செய்கிறது. கிடாவிடம் அது குறைவு. போதாக்குறைக்கு, அதன் சவ்வில் ஆக்சிஜனால் எளிதில் தாக்கப்படும் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதி. இந்த இரண்டாவது குறையின் விலை பிற்பாடு தெரியவரும்.

மஞ்சள் கருவின் மாயம்

1939இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பிலிப்ஸ் என்பவர் காளை விந்தில் கோழிமுட்டை மஞ்சள் கருவைச் சேர்த்துப் பார்த்தார். லார்டியும் அவரோடு சேர்ந்து அம்முறையைச் செம்மைப்படுத்தினார். விந்து நாட்கணக்கில் நின்றது. கிடா விந்துக்கும் அதே மருந்து பலித்தது. ஏன் பலிக்கிறது என்பதற்கான விடை கிடைக்க மேலும் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

மஞ்சள் கருவில் காப்பது அதிலுள்ள அடர்த்தி குறைந்த கொழுப்புப்புரதம் என்பது 1970களில் தெளிவானது. அது எப்படிக் காக்கிறது என்பதற்கு இன்று பலரும் ஏற்கும் விளக்கம் கொஞ்சம் எதிர்பாராதது. விந்துநீரில் விந்தணுவின் சவ்வைப் பற்றிக்கொண்டு அதிலிருந்து கொலஸ்ட்ராலை உருவும் சில புரதங்கள் உள்ளன. இயற்கையில் அவை தேவையானவைதான். முட்டையைத் துளைக்க ஆயத்தமாகும் விந்தணு தன் கொலஸ்ட்ராலில் ஒரு பகுதியை இழந்தாக வேண்டும். குப்பியில் மணிக்கணக்கில் ஒன்றாகக் கிடக்கும்போதோ அதே புரதங்கள் சவ்வை அரித்துக்கொண்டே இருக்கின்றன. மஞ்சள் கருவின் கொழுப்புப்புரதம் அவற்றைத் தன்னோடு பிணைத்துக்கொண்டு விந்தணுவை விட்டு விலக்கிவிடுகிறது. பாலிலுள்ள கேசின் புரதமும் இதே வேலையைச் செய்வதாகத் தெரிகிறது. கொழுப்பு நீக்கிய பால் இத்தனை ஆண்டுகளாக நல்ல காப்புக் கரைசலாக இருந்துவருவதற்கு இதுவே காரணம். ஒரு நிபந்தனை: பாலைச் சுமார் 95 டிகிரிக்குச் சில நிமிடங்கள் சூடாக்க வேண்டும். இல்லையென்றால் அதிலுள்ள லாக்டெனின் என்னும் பொருள் விந்தணுவுக்கு நஞ்சாகும்.

வெள்ளாட்டுக் கிடாவிடம் இந்தக் கதை தலைகீழாகிறது. அதன் விந்துநீரிலுள்ள ஒரு நொதி மஞ்சள் கருவின் கொழுப்பை உடைத்து, விந்தணுவுக்கே கேடான துணுக்குகளாக்கிவிடுகிறது. ராய் என்ற ஆய்வாளர் 1957இல் இந்த நொதியை அடையாளம் காட்டினார். அதனால்தான் வெள்ளாட்டு விந்தைக் கழுவி விந்துநீரை நீக்குவதோ, மஞ்சள் கருவைக் குறைத்துச் சேர்ப்பதோ வழக்கமாயிற்று. செம்மறிக்கு ஒத்தது வெள்ளாட்டுக்கும் ஒக்கும் என்று யாரும் நம்பிவிட வேண்டாம்.

ஒரு மில்லிலிட்டரின் கணக்கு

ஒரு கிடாவை வைத்து இந்த வேலையை முதலிலிருந்து தொடரலாம். வெதுவெதுப்பான நீர் நிரப்பிய செயற்கைப் பிறப்புறுப்பில் விந்து சேகரமாகிறது. அளவு சிறியது, சுமார் ஒரு மில்லிலிட்டர். ஆனால் பாலாடைபோல் கெட்டி. அதில் 300 கோடி விந்தணுக்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். மந்தையில் இந்த ஒரு மில்லிலிட்டர் ஒரே பெட்டைக்குப் போயிருக்கும்.

விந்து வருமுன்பே நீர்ப்புக் கரைசல் ஆயத்தமாக இருக்க வேண்டும். விந்தைப் பெருக்குவது, காப்பது ஆகிய இரண்டையும் செய்யும் திரவம் இது. பரவலாகக் கையாளப்படும் ஒரு செய்முறையில் 100 மில்லிலிட்டருக்கு ட்ரிஸ் 3.63 கிராம், சிட்ரிக் அமிலம் 1.99 கிராம், ஃப்ரக்டோஸ் அரை கிராம், மஞ்சள் கரு 14 மில்லிலிட்டர், மீதி வடிநீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருக்கிறது. விந்தணு சர்க்கரையை எரித்து லாக்டிக் அமிலத்தை வெளியிடும். அந்தப் புளிப்பை ட்ரிஸும் சிட்ரிக் அமிலமும் சேர்ந்து ஈடுகட்டுகின்றன. ஃப்ரக்டோஸ் எரிபொருள். விந்தில் இயல்பாக இருக்கும் சர்க்கரையும் ஃப்ரக்டோஸ்தான் என்பதைக் கேம்பிரிட்ஜின் தாடியஸ் மான் 1940களில் கண்டறிந்தார். மஞ்சள் கருவை எடுப்பதில்தான் கைப்பக்குவம் தேவை: கருவை வடிதாளில் உருட்டி வெள்ளைக்கருவின் ஈரத்தைப் போக்கி, அதன் தோலைக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் வடிக்க வேண்டும். நுண்ணுயிர்களை அடக்கப் பென்சிலினும் ஸ்ட்ரெப்டோமைசினும் சிறிதளவு சேர்கின்றன. விந்து கிருமியற்ற பொருளல்ல. குளிரில் கிருமிகள் மந்தமாகும், சாவதில்லை.

கரைசலும் விந்தும் ஒரே வெப்பநிலையில், 30 டிகிரியில், நீர்த்தொட்டியில் நிற்க வேண்டும். இரண்டு டிகிரி வேறுபாடுகூட வேண்டாத அதிர்ச்சி. கருப்பை வாயில் விடும் ஓர் ஊசிக்கு 0.2 மில்லிலிட்டரில் 20 கோடி விந்தணு வேண்டும் என்று கொண்டால், மில்லிலிட்டருக்கு 100 கோடி. ஆக, ஒரு பங்கு விந்துக்கு இரண்டு பங்கு கரைசல். மொத்தம் 3 மில்லிலிட்டர். 15 பெட்டைகளுக்குப் போதும். கரைசலில் 14 விழுக்காடாக இருந்த மஞ்சள் கரு இப்போது 9 விழுக்காட்டுக்குச் சற்று மேலே நிற்கும். செய்முறை எழுதுகிறவர்கள் இந்த இரண்டு எண்களில் எதைச் சொல்கிறார்கள் என்பதை வாசகர் எப்போதும் கவனிக்க வேண்டும். கருப்பைக்குள் நேரே செலுத்தும் அறுவை முறையாக இருந்தால் ஓர் ஊசிக்கு 2 கோடி போதும். அதே 300 கோடி 150 பெட்டைகளுக்கு வரும். வாசலில் விடுவதால் தேவை பத்து மடங்காகிவிடுகிறது.

அடுத்தது குளிர்விப்பு. விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். விந்துக்குழாயை 30 டிகிரி நீர் நிரம்பிய முகவையில் நிறுத்தி, முகவையோடு 5 டிகிரிக் குளிர்பெட்டியில் வைத்தால் சூழ்ந்த நீர் வெப்பத்தை மெல்ல விட்டுக்கொடுக்கும். ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி நேரத்தில் விந்து 5 டிகிரிக்கு இறங்கும். குழாயில் காற்றிடம் குறைவாக இருந்தால் நல்லது. காற்றிலுள்ள ஆக்சிஜனால் வரும் கேடு அடுத்த பகுதியில்.

செத்தவை விடும் நஞ்சு

குளிர் அதிர்ச்சியைத் தாண்டி வந்த விந்தணுவுக்கு இன்னொரு எதிரி காத்திருக்கிறது. மூச்சுவிடும் எந்த உயிரணுவிலும் ஆக்சிஜனின் முரட்டு வடிவங்கள் சிறிதளவு உருவாகிக்கொண்டே இருக்கும். அவற்றை வினைமிகு ஆக்சிஜன் என்பார்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு அவற்றில் ஒன்று. சாதாரண உயிரணுவுக்குள் அவற்றை அழிக்கும் நொதிகள் நிறைய உண்டு. விந்தணுவோ முதிரும்போது தன் உட்சரக்கை ஏறக்குறைய முழுவதும் உதறிவிட்டுத் தலையும் வாலுமாக நிற்கும் உயிரணு. அதன் சொந்தக் காப்பு சொற்பம். இயற்கையில் விந்துநீர் அந்தக் குறையை நிரப்புகிறது. நீர்ப்புக் கரைசல் விந்துநீரை நீர்த்துவிடும்போது அந்தக் காப்பும் நீர்த்துவிடுகிறது.

நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த சவ்வு இங்கேதான் விலை கொடுக்கிறது. பெராக்சைடு ஒரு கொழுப்பு மூலக்கூறைத் தாக்கினால் அது பக்கத்து மூலக்கூறைத் தாக்கும், தொடர் நீளும். எண்ணெய் காறிப்போவதும் வேதியியலில் இதே வினைதான். கிடா விந்தணுவில் இந்தத் தொடர்வினையையும் அதன் விளைபொருள்கள் விந்தணுவை முடக்குவதையும் 1970களில் ஜோன்ஸும் மானும் விரிவாக ஆராய்ந்தார்கள்.

நஞ்சின் பெரும் பங்கு எங்கிருந்து வருகிறது என்பது இன்னும் சுவையான செய்தி. போலந்துக்கு விந்தை அனுப்பிய அதே வால்டன், டோசிச் என்பவரோடு சேர்ந்து 1946இல் காளை விந்தில் இதைக் கண்டார். விந்தணுவிலுள்ள ஒரு நொதி சில அமினோ அமிலங்களைச் சிதைத்து ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அந்த அமினோ அமிலங்கள் மஞ்சள் கருவில் தாராளம். பிற்கால ஆய்வுகள் கிடா விந்திலும் இத்தகைய நொதியைக் கண்டன. செத்த விந்தணுக்களே இதற்கு முக்கிய மூலம். காக்க வந்த மஞ்சள் கருவே நஞ்சுக்கு மூலப்பொருளும் தருகிறது. குளிர்விப்பில் எத்தனை சாகிறதோ அத்தனைக்கு, உயிரோடிருப்பவற்றின் ஆயுளும் குறைகிறது. முதல் இரண்டு மணி நேரத்தில் செய்த பிழையை இரண்டாம் நாள் சேர்க்கும் எந்த மருந்தும் திருத்துவதில்லை.

சேர்மானங்கள்

இந்தத் தொடர்வினையை அறுக்கும் பொருள்கள் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகள். கேட்டலேஸ் என்ற நொதி பெராக்சைடை நீராகவும் ஆக்சிஜனாகவும் உடைக்கிறது. குறி தவறாத மருந்து என்று இதைச் சொல்லலாம். வைட்டமின் ஈ சவ்வுக்குள்ளேயே கரைந்து நின்று தொடர்வினையை இடையில் நிறுத்துகிறது. குளுடாதயோன், சிஸ்டீன், டாரின், மெலடோனின் என்று பட்டியல் நீளும். தாவரச் சாறுகளையும் விட்டுவைக்கவில்லை. ஆய்விதழ்களில் ஏதாவது ஓர் இலைச்சாறு கிடா விந்தில் சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரே பொருள் ஓர் ஆய்வகத்தில் பலித்து மற்றொன்றில் பலிக்காமல் போவதும் வாடிக்கை. இனம், பருவம், நீர்த்தல் அளவு, மஞ்சள் கரு அளவு எல்லாம் மாறும்போது இதில் வியப்பில்லை.

மருந்து மிகுந்தாலும் ஆபத்து. வைட்டமின் சி, இரும்புத் துணுக்குகள் உள்ள கரைசலில், அளவு கூடினால் ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பதற்கு மாறாகத் தூண்டும். வினைமிகு ஆக்சிஜனை அறவே துடைத்தெறிவதும் தவறு. முட்டையைத் துளைக்க ஆயத்தமாவதற்கு விந்தணுவுக்கு அது இம்மியளவு தேவைப்படுகிறது.

கொலஸ்ட்ராலையே நேரடியாக ஊட்டும் வழியும் உண்டு. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்னும் வளைய வடிவச் சர்க்கரையின் குழிவுக்குள் கொலஸ்ட்ராலை ஏற்றி விந்தில் கலந்தால், அது சவ்வில் போய்ச் சேர்கிறது. குளிரைத் தாங்கும் திறன் கூடுகிறது. ஆனால் முன்னே சொன்னபடி, முட்டையை அணுகும் வேளையில் விந்தணு கொலஸ்ட்ராலை இழந்தாக வேண்டும். அளவுக்கு மீறி ஊட்டினால் அந்த ஆயத்தம் தாமதமாகிறது.

மஞ்சள் கருவுக்கு மாற்றாகச் சோயா லெசித்தினும் புழக்கத்தில் வந்துள்ளது. முட்டை வழியே நோய்க்கிருமி எல்லை தாண்டும் என்ற அச்சமும், முட்டைக்கு முட்டை தன்மை மாறுவதும் இதற்குக் காரணங்கள். ஸ்பெயினில் வேறொரு கோணத்தில் யோசித்தார்கள். குழாயில் விந்தணுக்கள் அடியில் படிந்து நெருக்கியடித்துக் கிடப்பதே கேடு என்று கருதி, பால் கரைசலில் ஜெலட்டினைச் சேர்த்தார்கள். 15 டிகிரியில் அது கட்டியாகிவிடும். விந்தணு இருந்த இடத்திலேயே நிற்கும். சூடாக்கினால் இளகி விடுபடும். எளிய, மலிவான யோசனை.

நுண்ணோக்கியும் மந்தையும்

ஒரு சேர்மானம் நல்லதா என்று பார்க்க ஆய்வகம் முதலில் எண்ணுவது அசைவை: சூடாக்கிய துளியில் நூற்றுக்கு எத்தனை முன்னோக்கி நீந்துகின்றன? நல்ல கரைசலில் ஒரு நாள் கழித்தும் பெரும்பாலானவை நீந்தும். ஆனால் கருப்பை வாயில் விட்ட குளிர்விந்தின் சினைப்பிடிப்பு, சேமித்த ஒவ்வொரு நாளுக்கும் 10 முதல் 35 விழுக்காடு வரை இறங்குவதாக மாக்ஸ்வெல், சாலமன் இருவரும் 1993இல் எழுதிய மதிப்பாய்வு சொல்கிறது. அசைவு இருக்கும்போதே சினைப்பிடிப்பு சரிகிறது.

குளிரில் கசிந்து புகுந்த கால்சியம் இதற்கு ஒரு காரணம். முட்டைக்கு அருகே நடக்க வேண்டிய ஆயத்தத்தை அது குப்பியிலேயே தொடங்கி வைத்துவிடுகிறது. அப்படி முன்கூட்டியே ஆயத்தமான விந்தணு நீந்தும், ஆனால் அதன் ஆயுள் சொற்பம். வளையம் வளையமாகக் கருப்பை வாயைக் கடந்து முட்டைக்காகக் காத்திருக்க அதற்கு நேரமில்லை. அதே விந்தை அறுவை முறையில் கருப்பைக்குள் செலுத்தினால், பல நாள் சேமித்ததும் ஓரளவு சினை பிடிக்கிறது.

எனவே ஒரு சேர்மானத்தின் மதிப்பைச் சொல்ல வேண்டியது மந்தைதான். அதற்குத்தான் செலவு அதிகம். 100 பெட்டைக்கு 60 என்றிருக்கும் சினைப்பிடிப்பு 65 ஆகிறதா என்பதைத் தற்செயலிலிருந்து பிரித்தறிய, புள்ளியியல் வழக்கப்படி ஒவ்வொரு பிரிவிலும் ஏறக்குறைய 1,500 பெட்டைகள் வேண்டும். இருபது கிடாக்களின் விந்தைக் குப்பியில் சோதிப்பது இதைவிடப் பன்மடங்கு எளிது. சேர்மானம் பற்றிய ஆய்வுகளில் மிகப் பலவும் நுண்ணோக்கியோடு நின்றுவிடுவதன் காரணம் இதுவே. மந்தையில் சோதிக்காத சேர்மானத்தின் வெற்றியைப் பாதி வெற்றியாகவே கொள்ள வேண்டும்.

15 டிகிரி, ஒரே பகல்

உலகில் செம்மறிக்குச் செயற்கைக் கருவூட்டல் பெருமளவில் நடக்கும் இடங்களில் பிரான்ஸ் முன்னணியில் உள்ளது. ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்குப் பால் தரும் லக்கோன் இனத்தில் ஆண்டுதோறும் லட்சக்கணக்கான பெட்டைகளுக்கு இது நடக்கிறது. அங்கே 5 டிகிரிக்கு இறக்குவதில்லை. கொழுப்பு நீக்கிய பாலில் நீர்த்து, 15 டிகிரியில் வைத்து, சில மணி நேரத்துக்குள், அன்றைக்கே செலுத்திவிடுகிறார்கள். சவ்வு மிகவும் நொய்ந்துபோகும் வெப்பநிலைகளுக்குள் முழுதாக இறங்காமலே வேலை முடிகிறது. 0.25 மில்லிலிட்டர் குச்சியில் 35 முதல் 40 கோடி வரை விந்தணு வைப்பதால் இழப்புக்கும் இடம் இருக்கிறது.

இந்தியாவில் ராஜஸ்தானின் அவிகாநகரில் உள்ள மத்திய செம்மறி, கம்பளி ஆராய்ச்சி நிறுவனம் குளிர்விந்து முறையைப் பல ஆண்டுகளாகக் கையாண்டு வருகிறது. பாலும் குளுக்கோஸும் மஞ்சள் கருவும் சேர்ந்த கரைசல் அங்கே பழக்கமானது. கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் அதன் தென்மண்டல மையம் இருக்கிறது. இத்தகைய மையத்திலிருந்து மந்தைக்குப் போய்ச்சேர ஒரு பகல் ஆகும் என்றால் 15 டிகிரியும் பாலுமே போதும். சிறப்புச் சேர்மானத்துக்கு அங்கே வேலை குறைவு. ஓர் இரவு இடையில் வந்தால் 5 டிகிரியும், மஞ்சள் கருவும், மெதுவான குளிர்விப்பும் தேவைப்படும். ஆக்சிஜனேற்றத் தடுப்பி துணைநிற்கலாம். மூன்றாம் நாளைத் தொடும் விந்துக்கு, எந்தச் சேர்மானம் கலந்திருந்தாலும், அறுவை முறையே இன்றும் நம்பத்தக்க வழி.